தஃபினா காய்ச்சிய கறுப்புச் சாறு

எலியைத் தொடுவதற்கு முன் தஃபினா அக்கா தன் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக்கொள்வார். ஜனவரியில் மட்டுமல்ல, ஜூலையிலும். கூண்டுகளுக்கு முன்னால் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு, யாரோ திட்டுவதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் மாதிரி கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு கூண்டைத் திறந்து ஓர் எலியை எடுப்பார். அது அவர் கையில் துள்ளாது. நான் எடுத்தால் கடிக்கும்.

வேதியியல் படித்து முடித்த கையோடு ப்ளோவ்திவ் நகரத்தில் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தேன். என் அப்பாவும் அம்மாவும் புகையிலை பயிரிடுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது, அது எனக்கு மட்டும் தெரியவில்லை என்று எப்போதும் ஒரு பயம். அக்குளில் கை வைப்பதும் அப்படி ஒரு முறைதான் என்று நினைத்து, கொஞ்ச நாள் நானும் செய்தேன். எங்கள் தலைவர் ஹாஜியெவ் அதைப் பார்த்துவிட்டார்.

"அது எலிக்காக வந்த பழக்கம் இல்லப்பா," என்றார். "அவங்க பொண்ணுக்காக வந்தது."

அந்தப் பெண்ணின் பெயர் நெவேனா. பன்னிரண்டு வயதில் அவளுக்கு விரல் மூட்டுகள் வீங்கின. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். காலையில் கட்டிலிலிருந்து அவளை யாராவது தூக்கி உட்கார வைக்க வேண்டும். குளிர்ந்த கை பட்டால் கத்துவாள். தஃபினா அக்கா தினமும் கையைச் சூடாக்கிக்கொண்டு மகளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, பஸ் பிடித்து ஆய்வகத்துக்கு வருவார். வந்த இடத்திலும் கை தானாக அக்குளுக்குப் போனது.

கணவர் ஸ்டமாத் லாரி ஓட்டுநர். உக்ரைனுக்கு மிளகாய் ஏற்றிக்கொண்டு போனவர் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். யாராவது அவரைப் பற்றிக் கேட்டால் அக்கா நேராகவே சொல்லிவிடுவார். "லாரியும் அவனும் சேந்து போனாங்க. நல்லதா பாத்து லாரியை மட்டும் திருப்பி அனுப்பிட்டாங்க."

எங்கள் வேலையைச் சொல்வது எளிது. மலையிலிருந்து செடிகள் வரும். அவற்றின் சாற்றை எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுப்போம். பிறகு பின்னங்கால் பாதத்தில் கடற்பாசியிலிருந்து எடுத்த ஒரு பொருளை ஊசியால் போடுவோம். பாதம் வீங்கும். கணுக்காலில் மையால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை பாதத்தைக் கண்ணாடிக் குழாயில் இருக்கும் தண்ணீரில் முக்குவோம். தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு வீக்கம். ஒரு கூட்டம் எலிக்கு வெறும் தண்ணீர், ஒரு கூட்டத்துக்கு மருந்துக்கடை மாத்திரை, ஒரு கூட்டத்துக்குச் செடி. கடைசியில் மூன்றையும் ஒப்பிடுவோம். பெரும்பாலான செடிகள் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் நிற்கும். மாத்திரையை நெருங்கும் செடி அபூர்வம்.

முக்குவது, அளப்பது எல்லாம் தஃபினா அக்கா. ஆய்வகத்துக்கு அவர் தரை துடைக்க வந்தவர். பிறகு கூண்டு சுத்தம் செய்தார். பிறகு எலிகள் அவரிடம் அடங்கி இருப்பதைப் பார்த்து அளக்கும் வேலையைக் கொடுத்தார்கள். புதிதாக ஒரு செடி வந்தால் அவர் ஹாஜியெவிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"இது வயித்தைப் புண்ணாக்குமா டாக்டர்?"

நெவேனாவுக்குத் தொடக்கத்தில் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். வலி குறைந்தது, ஆனால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கொட்டியது. அதோடு அந்த மாத்திரையையும் அதன் உறவுக்கார மாத்திரைகளையும் அவள் தொடவே கூடாது என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேறு ஒரு மருந்து முகத்தை ஊத வைத்தது. அதுவும் தொண்ணூற்றாறாம் வருஷம் மருந்துக்கடைகளிலிருந்து காணாமல் போனது. அந்த வருஷம் எங்கள் நாட்டில் எல்லாமே காணாமல் போனது. சோபியாவிலிருந்து வந்த ஒரு டாக்டர், வயிற்றைத் தொடாத புது மருந்துகள் வெளிநாட்டில் வந்துகொண்டிருக்கின்றன, கொஞ்சம் பொறுத்திருங்கள் என்றார். அக்கா அவரிடம், என் மகளின் விரல் பொறுத்திருக்குமா என்று கேட்டாராம்.

விரல் பொறுத்திருக்கவில்லை. பதினேழு வயதில் நெவேனாவின் வலது கை விரல்கள் காற்றில் சாய்ந்த கோதுமைக் கதிர் மாதிரி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கின. வீங்கிய மூட்டு தன்னைத்தானே தின்றுகொண்டே இருக்கும். வீக்கத்தை நிறுத்தாவிட்டால் அடுத்து முழங்கால், அதற்குப் பிறகு அவள் நடக்க முடியாது. இது அக்காவுக்குத் தெரியும். ஆய்வகத்துக்கு வரும் ஒவ்வொரு செடியையும் அவர் இந்தக் கணக்கோடுதான் பார்த்தார்.

அந்தக் கோடையில் பஸாக்கை அவரே கொண்டு வந்தார்.

பஸாக் எங்கள் சாலையோரங்களில் எல்லாம் ஆள் உயரம் வளரும் செடி. இலையைக் கசக்கினால் குமட்டும். ஆடு கூட வாய் வைக்காது. ஆகஸ்ட் முடிவில் கொத்துக் கொத்தாகக் கறுப்புப் பழம் வரும். மலை ஊர்களில் அதன் சாற்றைக் காய்ச்சி மூட்டு வலிக்குக் குடிப்பார்கள். ஹாஜியெவ் முதலில் ஆர்வம் காட்டவில்லை. சாறு இறக்க ஆய்வகத்தில் ஆல்கஹால் இல்லை, மின்சாரம் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது, எதை வைத்துக் காய்ச்சுவது என்று கைவிரித்தார்.

"ஊர்ல நாங்க எதை வெச்சுக் காய்ச்சறோம் டாக்டர்? விறகுதான்," என்றார் தஃபினா அக்கா. "நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க. நான் காய்ச்சி ஜாடியில கொண்டு வரேன்."

ஹாஜியெவ் யோசித்தார். மக்கள் எப்படிக் குடிக்கிறார்களோ அப்படியே எலிக்கும் கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்.

செப்டம்பரில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா ஊருக்குப் போனார். எங்கள் நாட்டில் செப்டம்பர் என்றால் எல்லா வீட்டு முற்றத்திலும் அடுப்பு எரியும். தக்காளி, மிளகாய், பிளம்ஸ் எல்லாம் வெந்து ஜாடிக்குள் போகும். குளிர்காலம் முழுவதும் அதுதான் சாப்பாடு. அவரும் முற்றத்தில் பெரிய பாத்திரத்தை ஏற்றி, பழத்தைப் பிழிந்து, சாற்றைக் கெட்டியாகக் காய்ச்சி, ஜாடிகளில் ஊற்றி மூடினார். வேலை முடிந்து வந்தபோது அவருடைய கைகள் முழங்கை வரை ஊதா நிறத்தில் இருந்தன. நகக்கண்ணில் அந்தக் கறை நவம்பர் வரை போகவில்லை.

நவம்பரில் எலிகளுக்குக் கொடுத்தோம். முதல் அளவை முடித்த அக்கா அதே எலியை மறுபடி முக்கினார். அடுத்த எலி. அதற்கடுத்த எலி. தண்ணீர் குடித்த எலிகளின் பாதம் கொழுக்கட்டை மாதிரி உப்பியிருந்தது. பஸாக் குடித்த எலிகள் கால் ஊன்றி நடந்தன. மாத்திரைக்கு மிக அருகில் வந்த எண்கள். ஹாஜியெவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். மறு வாரம் புதிய எலிகளில் செய்தோம். அதே முடிவு.

சாற்றில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் வேலை என்னுடையது. மெல்லிய தட்டில் ஒரு துளி வைத்து மேலே ஏறவிட்டு, எந்தப் பொருள் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. ஆஸ்பிரின் வகைப் பொருள் நிற்கும் உயரத்தில் ஒரு திட்டு பளிச்சென்று தெரிந்தது. ஹாஜியெவிடம் காட்டினேன். வில்லோ மரப்பட்டையில் அது உண்டு, வேறு பல செடிகளிலும் உண்டு, இந்தச் செடி அதை இவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறது என்பதுதான் கண்டுபிடிப்பே என்று அவர் சொன்னார். செடிக்குள் இருக்கும்போது அது மற்ற பொருள்களோடு கலந்து மெதுவாகத்தான் வேலை செய்யும், வயிற்றை அவ்வளவு தாக்காது என்றும் சொன்னார். புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது. எலிகளின் வயிற்றை அறுத்துப் பார்த்தோம், பெரிதாகப் புண் இல்லை. சோபியாவில் நடக்கவிருந்த ஒரு கூட்டத்துக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தார்.

அக்காவுக்கு அந்தக் கட்டுரை தேவைப்படவில்லை. வயிற்றைத் தாக்காது என்ற சொல் போதுமாக இருந்தது. ஊரில் மீதி இருந்த ஜாடிகளை வீட்டுக்குக் கொண்டு வந்து, நெவேனாவுக்குக் காலை, மதியம், மாலை ஒவ்வொரு காபிக் கோப்பை கொடுக்கத் தொடங்கினார். ஹாஜியெவுக்குத் தெரியாமல் இல்லை. அவர் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

டிசம்பரில் ஒரு நாள் மதியம் ஆய்வகக் கதவைத் தட்டிவிட்டு நெவேனா உள்ளே வந்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஊன்றுகோல் இல்லாமல் தனியாக நடந்து வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. கையில் துணியில் சுற்றிய பனித்ஸா, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டது.

"நானே மாவு தேச்சேன்," என்று என்னிடம் சொன்னாள். "கோணலாத்தான் இருக்கும் அண்ணா. வாயில போனா நேராயிடும்."

தஃபினா அக்கா எலிக் கூண்டுக்கு முன்னால் நின்றபடி மகளைத் திரும்பிப் பார்த்தார். போய்க் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. "செருப்பைக் கழட்டிட்டு வாடி, தரை துடைச்சிருக்கேன்," என்றார். ஹாஜியெவ் தன் அறையிலிருந்து வெளியே வந்து நெவேனாவின் கையைப் பிடித்து மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். வீக்கம் உண்மையிலேயே இறங்கியிருந்தது. அந்த மதியம் எல்லோரும் பனித்ஸா சாப்பிட்டோம். கோணலாகத்தான் இருந்தது.

அந்தக் குளிர்காலம் எப்படி இருந்தது என்று அதில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. ரொட்டிக்கு வரிசை. ஆய்வகத்தில் வெப்பக் குழாய்கள் குளிர்ந்து கிடந்தன, கூண்டுகளை நாங்கள் பழைய கோட்டுகளால் மூடி வைத்தோம். தஃபினா அக்கா மட்டும் அந்த இரண்டு மாதமும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார். சம்பளம் தாமதமானபோது ஹாஜியெவிடம் போய், எலிக்குப் போடுகிற தானியத்தில் பாதியை எனக்குப் போடுங்கள், நானும் அளந்துகொண்டுதான் சாப்பிடுவேன் என்றார். நெவேனா பள்ளிக்குத் திரும்பப் போவதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தாள். குளிர் கூடியதும் வலி கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அக்கா கோப்பையின் அளவைக் கூட்டினார்.

பிப்ரவரியில் ஒரு காலை நெவேனா சமையலறையில் சுருண்டு விழுந்தாள். வாந்தி காபித்தூள் நிறத்தில் இருந்தது. பஸாக் சாறுதான் வெளியே வருகிறது என்று அக்கா முதலில் நினைத்திருக்கிறார். அதற்குப் பிறகு சிவப்பாக வந்தது.

மருத்துவமனையில் ரத்தம் இல்லை. எங்கள் ஊரில் நோயாளிக்கு ஏற்றும் ரத்தத்தை நோயாளியின் ஆட்கள்தான் கொடுத்து ஈடுகட்ட வேண்டும். அக்கா ஆய்வகத்துக்குப் போன் செய்தார். நானும் ஹாஜியெவும் போனோம். நான் கொடுத்துவிட்டு, மடக்கிய கையோடு நடைவழியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார். களைத்துப்போன முகம். மகள் ஆஸ்பிரின் ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்டார்.

"எங்க வீட்டு வாசப்படியை அந்த மாத்திரை மிதிக்காது டாக்டர்," என்றார் அக்கா. "எனக்கே தலைவலின்னாலும் துணியைக் கட்டிக்கிட்டுப் படுத்துப்பேன். அவளுக்கு நான் குடுப்பேனா?"

"வேற என்ன சாப்பிட்டா?"

"எல்லாரும் சாப்பிடறதுதான். ரொட்டி, பீன்ஸ் சூப். அப்புறம் பஸாக் சாறு. அது செடி. எங்க ஆய்வகத்துல எலிக்குக் குடுத்து, வயித்தையெல்லாம் அறுத்துப் பாத்தது. இவர்கிட்ட வேணா கேளுங்க."

"எப்பக் காய்ச்சினீங்க?"

"செப்டம்பர்ல."

"இத்தனை நாள் கெடாம இருந்துச்சா?"

"ஏன் கெடணும்? எல்லாரும் போடற மாதிரி நானும் மூடறதுக்கு முன்னாடி ஜாடிக்கு நாலு..."

அவர் நிறுத்திவிட்டார்.

அந்த டாக்டரும் இந்த ஊர்க்காரர்தான். நாலு என்ன என்று அவர் கேட்கவில்லை. எங்கள் நாட்டில் தக்காளி ஜாடியை மூடுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் ஆஸ்பிரின் மாத்திரை போடுவார்கள். பூஞ்சை பிடிக்காது. யாரும் அதை மருந்தாக நினைப்பதில்லை. உப்பு மாதிரி, வினிகர் மாதிரி அது ஜாடியின் ஒரு பகுதி. வாங்கும்போதே மருந்துப் பெட்டியில் வைக்காமல் அடுப்பங்கரை அலமாரியில், ஜாடி மூடிகளின் ரப்பர் வளையங்களுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். ஹாஜியெவ் வீட்டிலும் அப்படித்தான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அந்த டாக்டர் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். மகளுக்கு ஆஸ்பிரின் ஆகாது என்று வருஷக்கணக்காகக் காவல் காத்தவர், அது சீக்கிரம் கெட்டுப்போகிற சாறு என்பதால் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தார்.

டாக்டர் அவருடைய தோளைத் தொட்டுவிட்டு உள்ளே ஓடினார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். விழுந்துவிடுவாரோ என்று நான் பின்னால் போனேன். மருத்துவமனை முற்றத்தில் பனி அழுக்காகக் கிடந்தது. தெற்கே மலை தெரிந்தது. அவர் மலையைப் பார்த்து நின்றார். அவருடைய ஊருக்கு மேலே, வண்டி போகாத பாதையில், புனித மருத்துவர்கள் கோயில் இருக்கிறது. காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த இரண்டு சகோதரர்கள். ஜூலை முதல் தேதி அங்கே வேண்டிக்கொண்டவர்கள் ஆட்டைக் கொண்டு போய் வெட்டி, பெரிய அண்டாக்களில் வேக வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றுவார்கள்.

"நீ கேட்டுக்கோ தம்பி," என்றார் என்னைத் திரும்பிப் பார்க்காமல். சாட்சி வைத்துச் சொன்னால்தான் வேண்டுதல் செல்லும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். "புனித மருத்துவர்களே, அவ உயிரோட மட்டும் இருக்கட்டும். வேற எதுவும் கேக்கல. மறு இல்லாத ஒரு ஆட்டுக்குட்டியை என் தோள்ல போட்டுக்கிட்டு மேல வரேன்."

நெவேனா பிழைத்தாள். வயிற்றில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள்.

ஆய்வகத்துக்குத் திரும்பி வந்த அன்றே தஃபினா அக்கா ஹாஜியெவின் அறைக்குப் போய் ஜாடியில் என்ன போட்டார் என்பதைச் சொன்னார். ஹாஜியெவுக்கு மருத்துவமனையிலேயே தெரிந்திருந்தது. ஆனாலும் முதல் முறை கேட்பது போல முழுதும் கேட்டார். சோபியாவுக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் சொன்னார். அக்கா வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னார்.

"நேத்து வீட்ல பீன்ஸ் ஜாடியைத் திறந்தேன்," என்றார் ஹாஜியெவ். "நீ எத்தனை மாத்திரை போட்டேன்னு என் பொண்டாட்டிகிட்ட கேட்டேன். அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. நீங்க எங்கயும் போக வேண்டாம் தஃபினா. எலியோட பாத வீக்கத்தை இறக்கினது மாத்திரையா, செடியான்னு நமக்கு இன்னும் தெரியாது. செடியும் கொஞ்சம் செஞ்சிருக்கலாம்."

ஆறுதலுக்காகச் சொன்னாரா, உண்மையாகவே நினைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா அந்த 'இன்னும் தெரியாது' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாத்திரை கலந்த அந்தச் சாற்றை நிறுத்தியதும் நெவேனாவின் மூட்டுகள் முன்னைவிட மோசமாக வீங்கியிருந்தன. இடது முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வருவதே பெரும்பாடு. டிசம்பரில் அவள் நடந்து வந்த தூரத்தை என்னாலேயே மறக்க முடியவில்லை. அவளைப் பெற்றவருக்கு எப்படி இருந்திருக்கும்.

ஜூலை முதல் தேதி வந்தது. அக்கா மலைக்குப் போகவில்லை. நான் நினைவூட்டினேன். நினைவூட்டியது சரியா என்று இப்போதும் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். சாட்சியாக நிற்பவன் வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

"செப்டம்பர் வரட்டும் தம்பி," என்றார். "இந்தத் தடவை சாறு மட்டும். ஒரு பொட்டு மாத்திரை இல்லாம. அது வேலை செஞ்சா அவ எழுந்து நடப்பா. அப்ப ஒண்ணுக்கு ரெண்டா ஓட்டிக்கிட்டுப் போறேன்."

செப்டம்பரில் பழம் பறித்து, காய்ச்சி, எதுவும் சேர்க்காமல் பாட்டில்களில் ஊற்றி, நேராக ஆய்வகத்துக்குக் கொண்டு வந்து உறைபெட்டியில் வைத்தார். பறித்ததிலிருந்து மூடியது வரை வேறு யாரையும் தொடவிடவில்லை. என் தட்டில் அந்தப் பளிச்சென்ற திட்டு இல்லை. அதை அவரிடம் சொன்னபோது, திட்டு இல்லாவிட்டால் என்ன, வேறு ஏதாவது இருக்கும் என்றார்.

அளக்கும் நாளில் ஹாஜியெவ் தன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நான் எண்களை எழுத உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்த எலிகள் முடிந்தன. பஸாக் குடித்த முதல் எலியை அக்கா முக்கினார். தண்ணீர் ஏறியது. ஏறிக்கொண்டே போய், தண்ணீர் குடித்த கூட்டத்துக்கு நின்ற இடத்திலேயே நின்றது. அவர் எண்ணைச் சொன்னார். அடுத்த எலி. அடுத்த எலி. குரல் மாறவில்லை. பாதி கூட்டம் முடிந்ததும் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்தக் குழாய் சரியில்ல. வேற எடு."

வேறு குழாய் எடுத்துக் கொடுத்தேன். முதல் எலியிலிருந்து மறுபடி அளந்தார். அதே எண்கள். கணுக்கால் கோடு அழிந்திருக்கிறது என்று புதிதாகக் கோடு போட்டார். கோட்டைக் கொஞ்சம் கீழே போட்டார். கீழே போட்டால் எண் குறையும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அளந்து, எண்ணைச் சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. மையைத் துணியால் துடைத்துவிட்டு, பழைய இடத்திலேயே மறுபடி போட்டார்.

"எழுதிக்கோ," என்று உண்மையான எண்ணைச் சொன்னார்.

எல்லாம் முடிந்த பிறகு எலிகளைக் கூண்டில் விட்டுவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி நொண்டின. எந்தக் கூண்டு எது என்று அட்டையைப் பார்க்காமல் சொல்ல முடியாது. நான் தேநீர் வைத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை. "அப்ப டிசம்பர்ல அவ நடந்து வந்தது..." என்று ஆரம்பித்தார்.

அடுத்த வருஷம் அவர் கிரேக்கத்துக்குப் போனார். அந்த வருஷங்களில் எங்கள் பெண்கள் நிறையப் பேர் போனார்கள். தெஸலோனிகியில் படுக்கையில் கிடக்கும் ஒரு பணக்காரக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே வாரத்துக்கு ஒரு முறை சாப்பிடும் ஒரு மாத்திரை கிடைக்கிறது, மூட்டு தன்னைத் தின்பதை அது நிறுத்தும், வயிற்றில் புண் போடாது என்று ஹாஜியெவ் விசாரித்துச் சொல்லியிருந்தார். இங்கே அது எப்போதாவதுதான் வந்தது. நெவேனாவை ஊரிலிருக்கும் தன் தங்கையிடம் விட்டுவிட்டு அக்கா கிளம்பினார்.

பஸ் நிலையத்துக்கு நான் போயிருந்தேன். சாட்சி என்பதால் கேட்டேன், போவதற்கு முன் அந்த ஆட்டைக் கொடுத்துவிடலாமே என்று. அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"நான் அன்னிக்கு அவசரத்துல தப்பாக் கேட்டுட்டேன் தம்பி. உயிரை மட்டும் கேட்டேன். அவங்களும் உயிரை மட்டும் குடுத்தாங்க. இப்ப ஆட்டைக் குடுத்துட்டா கணக்கு முடிஞ்சுபோயிடும். அப்புறம் காலை யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

"காலுக்குத் தனியா வேண்டிக்கலாமே அக்கா."

"பழைய பாக்கியை வெச்சுக்கிட்டு இருக்கறவளை மறந்துட மாட்டாங்க. எல்லாத்தையும் கட்டி முடிச்சவளை யாரு ஞாபகம் வெச்சுப்பா?" என்றார். பஸ் வந்தது. "சாமிகிட்டயும் கடைக்காரன்கிட்டயும் நான் அப்படித்தான்."

கிரேக்கத்திலிருந்து பஸ் ஓட்டுநர்கள் கையில் மாத்திரை வந்துகொண்டிருந்தது. நெவேனாவின் வீக்கம் மெதுவாக நின்றது. வலி குறைந்தது. ஆனால் சாய்ந்த விரல்கள் சாய்ந்தபடியும் மடங்கிய முழங்கால் மடங்கியபடியும்தான் இருந்தன. மருந்து நெருப்பை அணைத்தது, எரிந்து போனதைத் திருப்பித் தரவில்லை. இரண்டு கோல்களை ஊன்றி வீட்டுக்குள் நடப்பாள். முற்றத்துப் படியில் இறங்க ஆள் வேண்டும்.

தஃபினா அக்கா மூன்றாவது வருஷம் தெஸலோனிகியில் அந்தக் கிழவியைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது மூளையில் ரத்தக் குழாய் வெடித்து இறந்தார். அவர் விழுந்தபோதும் கிழவிக்கு ஒரு காயமும் படவில்லையாம். மிளகாய் ஏற்றி வந்த ஒரு வேனில் உடலைக் கொண்டு வந்தார்கள். ஊரில் புதைத்தோம்.

அடக்கம் முடிந்து ரொட்டியும் மதுவும் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, சாவா என்ற ஊர்ப் பாதிரியார் என்னிடம் வந்து, தஃபினா புனித மருத்துவர்களுக்கு ஓர் ஆடு பாக்கி வைத்திருக்கிறாளாமே என்று கேட்டார். அக்காவே எப்போதோ தங்கையிடம் சொல்லியிருக்கிறார். நான் ஆமாம் என்றேன். என்ன வார்த்தையில் வேண்டிக்கொண்டார், பஸ் நிலையத்தில் என்ன சொன்னார் என்பதையும் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து நெவேனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் கட்டலாமா ஃபாதர்?" என்றாள்.

செத்தவர்களின் வேண்டுதலை அவர்கள் பெற்ற பிள்ளைகள் கட்டலாம் என்றார் பாதிரியார். ஆனால் வேண்டிக்கொண்டது எப்படியோ அப்படித்தான். தோளில் ஆட்டைப் போட்டுக்கொண்டு, தன் காலால் ஏறி வர வேண்டும். அவளுக்காக நான் ஏறுகிறேன் என்று சொன்னேன். அது உன் வேண்டுதல் ஆகும், தஃபினாவுடையது ஆகாது என்றார். அவர் கடுமையான ஆள் இல்லை. சொல்லும்போது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஹாஜியெவ் மட்டும் பாதிரியாரிடம் கொஞ்சம் சண்டை போட்டுப் பார்த்தார். கோயில் வழக்கத்தை ஆய்வகத்தில் மாற்ற முடியாது என்று அவர் சொன்னதும் அடங்கிவிட்டார்.

நெவேனா தன் முழங்காலைப் பார்த்தாள். பிறகு மலைப் பாதையைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு அவசரத்துல கேக்கறதே வழக்கம்," என்றாள். "தோளு, காலுன்னு எல்லாத்தையும் சேத்துச் சொல்லி வெச்சிருக்காங்க பாருங்க."

போன ஜூலையிலும் மேலே அண்டாக்கள் கொதித்தன. காற்று கீழ்ப்பக்கம் அடித்தால் நெவேனா உட்கார்ந்திருக்கும் முற்றம் வரை கறி வாசனை வரும். நான் ஏறிப் போய் வரிசையில் நின்று எனக்கும் அவளுக்கும் இரண்டு பாத்திரங்களில் வாங்கி வந்தேன். ஆடு கொடுத்தவர்களின் பெயர்களைப் பாதிரியார் சத்தமாகப் படிப்பது வழக்கம். தஃபினா என்ற பெயர் அதில் வரவில்லை.